ஊரணியைக் காலி இடமாக்கின என் கையெழுத்து

சாக்கடை வேலையில ஒரு பெரிய சௌகரியம், இந்த வேலை நமக்குக் கெடைக்கலையேன்னு யாரும் வயிறெரிய மாட்டாங்க.

எம் பேரு ஆரோக்கியம். நகராட்சி துப்புரவுப் பிரிவுல இருபத்தெட்டு வருஷம். சேந்தப்ப கையில வெளக்குமாறு, ரிட்டயர் ஆனப்ப மேஸ்திரி. எங்க ஆத்தாவுக்கு ஆவூர் பக்கம். மாதா கோயில் தேர் பாக்கப் போன எடத்துல எங்க அப்பாரு பாத்து, பொண்ணு கேட்டுப் போயி, அவுக தரமாட்டேன்னு சொல்லி... அது வேற கதை. என் ஊரு பேரைச் சொல்ல மாட்டேன், புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு ஊருன்னு வச்சுக்கங்க. சொன்னா சேர்மன் கோவிச்சுக்குவாரு, அவரு சம்சாரம் எனக்கு வேண்டியவ.

ரிட்டயர் ஆயி, பேத்திக்குச் சடை பின்னிவிட்டுக்கிட்டு இருந்தவளை மறுபடி கூப்பிட்டாங்க. ஊருல பாதாளச் சாக்கடை லைன் பழசாப்போச்சு, மொத்தத்தையும் பேத்துட்டுப் புதுசு போடப்போறாங்க. ஆனா பழசு எங்கிட்டுப் போகுது, எங்கிட்டுத் திரும்புதுன்னு காட்ட ஒரு ஆளு இல்ல. அதனால லைன் காட்டுறதுக்கு நான். ஒங்க தெருவுலயும் தோண்டிப் போட்டிருப்பாங்க. வாசல்ல பலகையைப் போட்டு, ஒரு கையில சேலை, ஒரு கையில தூக்குவாளின்னு நீங்களும் தாண்டியிருப்பீங்க. அதனால ஒங்களுக்கு நான் வெளக்க வேண்டியதில்ல. நாம எல்லாரும் ஒரே பள்ளத்தைத் தாண்டுனவுகதான்.

ஒண்ணை மட்டும் மொதல்லயே சொல்லிப்புடுறேன். புது லைன் வேணாம்னு சொல்றவ நான் இல்ல. பழைய மண்குழாய் எத்தனை எடத்துல வாயைப் பொளந்து கெடக்குன்னு என்னைவிட எவனுக்குத் தெரியும்? ஆனா அந்தப் புது லைன்ல நெறஞ்சு வழியுற கழிவு எங்க தெரு ஊரணிக்குள்ள விழுகட்டும்னு ஒரு தாள் சொல்லுச்சு. அந்தத் தாள்ல இருந்த கையெழுத்து என்னுது. அதை நானே அழிக்கப் பட்ட பாடுதான் இது. நடுவுல நடுவுல வேற கதைக்குப் போயிருவேன், பொறுத்துக்கங்க.

புரோட்டாக்கல்லுக்குக் கீழ

ஆபீசுல பழைய வரைபடம் ஒண்ணு இருந்துச்சு. பாதியைக் கரையான் தின்னுருச்சு, தின்னாம விட்ட பாதி பொய். கோடு நேராப் போகுதுன்னு போட்டிருக்கும். நெசத்துல நடுவுல ஒரு கோயில் செவுரு வந்து, குழாயை வளைச்சு விட்டிருப்பாங்க. அதுக்கு மேல ரோடு, அந்த ரோட்டுக்கு மேல ரோடுன்னு தார் ஊத்தி ஊத்தி மேன்ஹோல் மூடி எல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு. அதனால நான் மேஸ்திரியா இருந்தப்ப ஒரு வேலை பண்ணி வச்சிருந்தேன். ஒவ்வொரு தடவ தார் போட வர்றதுக்கு முன்னாடியும் கிட்ட இருக்கிற செவுத்துல செவப்புப் பெயிண்டால புள்ளி வச்சிருவேன். செவுத்துலேருந்து எத்தனை எட்டு வச்சா மூடி வருமோ, அத்தனை புள்ளி. என் எட்டு, என் காலு. ஒரு வீட்டுல மூணு புள்ளியைப் பாத்துட்டு என்னமோ சாமிக்குறின்னு நெனச்சு, வெள்ளையடிக்கிறப்பவும் அதை மட்டும் விட்டுட்டு, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பூ வச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் போயி எட்டு வச்சு, இங்க தோண்டுங்கன்னதும் அந்த வீட்டம்மா மொகத்தைப் பாக்கணுமே!

காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் முருகேசன், திருமயத்து ஆளு. நான் எட்டு வைக்க வைக்க, அவரு பின்னாடியே சுண்ணாம்புக் கோடு போட்டுக்கிட்டு வருவாரு. மார்க்கெட்டு முக்குல ஏழு புள்ளி. எண்ணிக்கிட்டே போறேன், அஞ்சாவது எட்டுல ஜபருல்லா பாய் புரோட்டாக் கடைக்குள்ள நுழைஞ்சுட்டேன். ஏழாவது எட்டு கல்லுக்கு முன்னாடி, பாய் நிக்கிற எடத்துல முடியுது. கடையை முன்னாடி இழுத்துக் கட்டுனப்ப மூடியையும் சேத்து உள்ள வாங்கிட்டாரு போல. "பாய், கொஞ்சம் நகருங்க, ஒங்க காலுக்குக் கீழதான் மேன்ஹோல்"ன்னேன். கடையில அஞ்சாறு பேரு சாப்புட்டுக்கிட்டு இருந்தாங்க, கை எல்லாம் எலையிலயே நின்னுபோச்சு. பாய் கரண்டியைக் கீழ வைக்காமலே சொன்னாரு: "இத்தனை வருஷமா இதுக்கு மேல நின்னுதான் அடிக்கிறேன், சால்னாவுல உப்பு கம்மின்னு சொன்னவன் உண்டு, வாடை வருதுன்னு சொன்னவன் ஒருத்தன் உண்டா மேஸ்திரியம்மா?"

மூடி மேல

ஒரு முக்குல லைன் அடைச்சிருந்துச்சு. குழாய் வடக்க திரும்புதா கெழக்க திரும்புதான்னு பாக்கணும். மெஷின் வேற ஊருல நிக்குது. முருகேசன் போன்ல யாருக்கிட்டயோ பேசிட்டு வந்து, கூட வேலை பாக்குற கருப்பையாகிட்ட, "அஞ்சு நிமிசந்தான்யா, எறங்கிப் பாத்துட்டு ஏறிரு"ன்னாரு. அந்த ஆளும் சட்டையக் கழட்டப் போறான்.

எங்க வீட்டுக்காரரோட தம்பி ஒருத்தரு இருந்தாரு. ஊருக் கதை எல்லாம் பேசுற வாயி இது, அவரு கதைக்கு வந்தா மட்டும் நின்னுரும். அதனால அதைச் சொல்லல. நான் என்ன பண்ணேன்னு மட்டும் சொல்றேன். நேராப் போயி மூடி மேல உக்காந்துட்டேன். வைகாசி வெயிலு, இரும்பு மூடி பழுத்துக் கெடந்துச்சு. சாக்கை மடிச்சுப் போட்டுக்கிட்டேன். "எந்திரிங்கத்தா, வேலை நிக்குது"ன்னாரு முருகேசன். "வேலைதானே நிக்குது, நிக்கட்டும், மூச்சு நிக்கலைல்ல"ன்னேன். என்கூட அந்தக் காலத்துல ஒரே வார்டுல வெளக்குமாறு புடிச்ச சின்னப்பொண்ணு, எங்க தெருதான், எதுத்தாப்புல டீ வாங்கிக்கிட்டு இருந்தவ, வந்து பாத்துட்டு அவளும் பக்கத்துல உக்காந்துட்டா. மூடி ஒண்ணரை ஆளு உக்கார்ற அளவுதான். அவ ஒண்ணே முக்கால். நான் பாதி ரோட்டுல. முருகேசன் எங்க ரெண்டு பேரையும் சுத்திச் சுத்தி வந்தாரு, கடைசியில போனை எடுத்துச் சொன்னாரு: "சார், எப்பாடு பட்டாவது மெஷினை அனுப்பிருங்க சார், இங்க மூடி மேல ஒரு மூடி உக்காந்திருக்கு."

நாலு பக்கம் கேள்வி

மூடிக்கு வைகாசின்னேன்ல, இது அதுக்கு முந்தின சித்திரை. நான் முன்னுக்குப் பின்னாத்தான் சொல்லுவேன். புது லைன் போட்டா மண்ணுக்கு, தண்ணிக்கு, மரத்துக்கு என்ன ஆகும்னு ஆராஞ்சு எழுத மெட்ராஸுலேருந்து ஒரு தம்பி வந்திருந்தாரு. எங்களுக்கு அவரு ரிப்போர்ட் தம்பி. தங்கமான பிள்ளை, வெயிலு தாங்காம மொகம் செவந்துபோயி நின்னுச்சு. சத்தத்தை அளக்க ஒரு மிஷின் வச்சிருந்தாரு. சின்னப்பொண்ணு அதை மைக்குன்னு நெனச்சு, "அலோ, அலோ, பஸ் ஸ்டாண்டு டிரைவர்மார் கவனத்துக்கு"ன்னுட்டா. அந்தச் சத்தமும் கணக்குல ஏறியிருக்கும்.

நாலு பக்கத்துக்குக் கேள்வி. "இந்தப் பக்கம் என்னென்ன பறவை இருக்கு பாட்டி?" "கோழி." "வேற?" "காக்கா." "அழியுற நெலமையில இருக்கிற உயிரினம் ஏதாவது?" "நானும் சின்னப்பொண்ணும்தான்." பிள்ளை சிரிச்சுச்சு. இப்படியே பேசிக்கிட்டு எங்க தெரு ஊரணிக்கு வந்துட்டோம். சித்திரையில எங்க ஊரணி எப்படி இருக்கும்? தரை வெடிச்சு, புல்லு காஞ்சு, நடுவுல மூணு குச்சியை ஊண்டிப் பசங்க கிரிக்கெட் வெளையாடுறானுக. படித்துறையில இன்னொரு கூட்டம் உக்காந்து கைதட்டுது. ரிப்போர்ட் தம்பி போட்டோ எடுத்தாரு. நான் இது ஊரணின்னு சொன்னேனான்னு கேக்காதீங்க. சொல்லல. சொல்லணும்னே தோணல. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட, மேல இருக்கிறது கூரைன்னு யாராச்சும் சொல்லுவாங்களா?

கடைசியில அட்டையில தாளை வச்சு நீட்டுனாரு. சாட்சின்னு போட்ட எடத்துல வெரலை வச்சாரு. இருபத்தெட்டு வருஷம் மஸ்டர் ரோல்ல, அதான் வருகைப் பதிவேட்டுல, கையெழுத்துப் போட்ட கை இது. காலையில அஞ்சரைக்கு, வரிசையில நின்னு, எந்த எடத்துல வெரலை வைக்கிறாங்களோ அந்த எடத்துல போட்டுட்டு ஓடணும். நின்னு படிச்சா பின்னாடி நிக்கிறவ கத்துவா. அந்தப் பழக்கம். வெரலைப் பாத்தேன், போட்டேன். தம்பி பேனாவை வாங்கிச் சட்டைப்பையில குத்திக்கிட்டுச் சொன்னாரு: "எல்லா ஊருலயும் உங்கள மாதிரி ஒரு பாட்டி இருந்தா எங்க வேலை ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

ஜே.இ. பொண்ணு வாசிச்சது

ஆவணியில ரிப்போர்ட் அச்சாகி ஆபீசுக்கு வந்துச்சு. ஜே.இ., அதான் ஜூனியர் இன்ஜினியர், சுகன்யான்னு ஒரு பொண்ணு, கீரனூர்லேருந்து தெனம் பஸ்ல வந்து போகும். பஸ்ல நின்னுக்கிட்டே வந்த அலுப்பு பத்து மணிக்கு மேலதான் போகும், அதுக்கு முன்னாடி யாரும் ஃபைலை நீட்டக் கூடாது. நல்ல பொண்ணு, என்னைய ஆத்தான்னுதான் கூப்புடும். அன்னைக்கு அது கையில அந்தப் புஸ்தகம். "நம்ம தெரு வருதான்னு பாரும்மா"ன்னேன், பெருமைக்குத்தான் கேட்டேன். அது இங்கிலீஷை நிறுத்தி நிறுத்தித் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்துச்சு. எங்க தெரு முக்குல பம்பிங் ஸ்டேஷன். ஊருக் கழிவு எல்லாம் அங்க வந்து சேந்து, அங்கேருந்து மோட்டார் போட்டுத் தள்ளுவாங்க. சரி. கரண்டு போயி மோட்டார் நின்னா, நெறஞ்சு வழியுற கழிவைப் பக்கத்துல இருக்கிற காலி இடத்துல விட்டுக்கலாம். எந்தக் காலி இடம்? எங்க தெருவுல கோழி மேயுறதுக்கே எடமில்லையே? சுகன்யா போட்டோவைத் திருப்பிக் காட்டுச்சு. மூணு குச்சி, பேட்டோட ஒரு பய, படித்துறையில கைதட்டுற கூட்டம். கீழ எழுதியிருந்ததையும் வாசிச்சுச்சு: படிக்கட்டு வசதியுடன் கூடிய காலி இடம். அருகில் நீர்நிலை ஏதும் இல்லை.

படித்துறையைக் கேலரின்னு நெனச்சிருக்கு அந்தப் பிள்ளை! எனக்குச் சிரிப்பு வந்துச்சு, கோவமும் வந்துச்சு, "எந்தக் கூறுகெட்ட சிறுக்கி இதுக்குச் சாட்சி சொன்னா?"ன்னு கத்திட்டேன். சுகன்யா கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாத்துச்சு. அப்புறம் மெதுவாச் சொல்லுச்சு: "ஆத்தா, கோவிச்சுக்காதீங்க, சாட்சி எம்.ஆரோக்கியம்னு போட்டிருக்கு."

அடிபம்பு

எங்க தெரு ஊரணி குளிக்கிறதுக்கும் மாடு கழுவுறதுக்கும் மட்டும் இல்லீங்க. ஊரணியில தண்ணி நின்னாத்தான் கரையில இருக்கிற அடிபம்புல தண்ணி. கொழாய்த் தண்ணி வராத நாளெல்லாம் எங்க ஒலையில கொதிக்கிறது அந்தத் தண்ணிதான். ஊரணிக்குள்ள கழிவு விழுந்தா அது மண்ணுக்குள்ள எறங்கி எங்க வந்து நிக்கும்னு கணக்குப் போட எனக்கு ரிப்போர்ட் வேணாம். அந்த லைனோட மூக்குலயும் வாயிலயும் குடியிருந்தவ நான்.

யாரோ எழுதிட்டாங்கன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். புஸ்தகம் ஆபீசு பீரோவுல, தெருவுல யாரு போயிப் பாக்கப் போறா? ஆனா அடிபம்புல கொடத்தை வச்சுக்கிட்டு நிக்கிறேன், முன்னாடி ஒரு புள்ளத்தாச்சி மூச்சு வாங்க அடிச்சுக்கிட்டு நிக்கிறா, எனக்கு மறைக்க முடியல. ஒடச்சுச் சொல்லிட்டேன். நான்தான் போட்டேன், படிக்காமப் போட்டேன், நானே அழிக்கிறேன். சின்னப்பொண்ணு வாயி எப்பவும் அடைக்காது. கொடத்தை எறக்கி வச்சுட்டு, இடுப்புல கையை வச்சுக் கேட்டா: "இருபத்தெட்டு வருஷமா ஊரு பீயை ஊருக்கு வெளிய தள்ளுனவ, ரிட்டயர் ஆனதும் அதை எங்க கொடத்துக்குள்ள தள்ளுறியேடி!"

எந்த ஆரோக்கியம்?

மனு எழுதிக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். நான் கூட்டிப் பெருக்குன ஆபீசுதான், எந்த நாற்காலிக்கு எந்தக் காலு ஆடும்னு எனக்குத் தெரியும். ஆனா வெளக்குமாறோட போனா தெறக்குற கதவு மனுவோட போனா தெறக்காது. ஒரு மேசை இன்னொரு மேசையைக் காட்டுச்சு, அந்த மேசை டீ குடிக்கப் போயிருந்துச்சு. கடைசியில செக்சன் கிளார்க். வேலைக்குச் சேந்த புதுசுல என்கிட்டதான் வந்து எலி செத்த நாத்தம் எங்கிட்டு வருதுன்னு கேட்டவரு. அவரு மனுவைப் படிச்சாரு, ரிப்போர்ட்டைப் படிச்சாரு, ரெண்டுலயும் இருக்கிற கையெழுத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரு. "நீர்நிலை இல்லைன்னதும் ஆரோக்கியம், இருக்குங்கிறதும் ஆரோக்கியம். நாங்க எந்த ஆரோக்கியத்தை நம்புறது?"ன்னாரு.

"ரெண்டு பேத்தையும் நம்பாதீங்க சார். ஐப்பசி மழையை நம்புங்க. ஊரணி நெறஞ்சதும் நேர்ல வந்து பாருங்க"ன்னேன். ஐப்பசியில கருத்துக் கேக்குற கூட்டம் இருக்கு, அதுல வந்து பேசுங்கன்னு தேதி குறிச்சுக் குடுத்தாரு. "அன்னைக்கு ஊரணி நெறையலைன்னா?"ன்னேன். தண்ணியில்லாத ஊரணியைக் காட்டுனா அதே போட்டோதானே? அவரு என் மனுவுல ஒரு முத்திரையைக் குத்தி, தட்டுல போட்டுட்டுச் சொன்னாரு: "மழை வர்ற வரைக்கும் ஃபைலு கொடை புடிச்சுக்கிட்டு நிக்காது மேஸ்திரியம்மா."

ஞாபக மறதி

புரட்டாசி காஞ்சுபோச்சு. ஐப்பசி பொறந்தும் மேகம் மட்டும் வருது, தண்ணி எறங்கல. நான் தெனம் காலையில எந்திரிச்சு மொதல்ல வானத்தைப் பாப்பேன், அப்புறம்தான் செபம். மாதா கோவிச்சுக்க மாட்டா, அவளுக்கும் நெலவரம் தெரியும். கூட்டத்துக்கு ஆறு நாளு இருக்கிறப்ப ஒரு மழை புடிச்சுச்சு பாருங்க, சாயங்காலம் பூராவும் ஊத்துச்சு. காலையில ஓடிப் போயிப் பாக்குறேன், ஊரணியில முழங்கால் அளவு பள்ளத்துல மட்டும் ஒரு சேத்துக்குட்டை. அம்புட்டு மழை எங்கிட்டுப் போச்சு?

வரத்துக்காலோடவே நடந்தேன். ஊரணிக்குத் தண்ணி கொண்டாற கால்வாய்ங்க அது. மார்க்கெட்டு ரோட்டுல லைனுக்குத் தோண்டுன மண்ணை எல்லாம் மலையாக் குவிச்சு அந்தக் கால்வாய் மேலயே கொட்டி வச்சிருக்கானுக. தண்ணி அந்தப் பக்கமே முட்டி நின்னு, பாய் கடைக்குள்ள போயிருக்கு. நானும் சின்னப்பொண்ணும் மம்பட்டி எடுத்துப் பாத்தோம், எங்க ரெண்டு பேரு இடுப்புக்கும் அது ஆவுற வேலை இல்ல. முருகேசன்கிட்டப் போனேன். ஜேசிபியை அரை மணி நேரம் அனுப்புங்கன்னேன். லைன் வேலை பின்தங்கிக் கெடக்கு, அடுத்த வாரம் பாக்கலாம், இன்னைக்கு பள்ளிவாசல் தெரு மேன்ஹோலைக் காட்டுங்கன்னாரு. நான் பள்ளிவாசல் தெருவுக்குப் போனேன். நடுரோட்டுல நின்னேன். செவுத்துல அஞ்சு புள்ளி பளிச்சுன்னு இருக்கு. "தெரியலையே தம்பி, வயசாச்சுல்ல, எல்லாம் மறந்துபோச்சு. வரத்துக்கால் அடைச்சதுலேருந்து மூளையும் அடைச்ச மாதிரியே இருக்கு"ன்னேன். முருகேசன் தலையில கையை வச்சாரு. ஜேசிபிக்காரனைக் கூப்பிட்டு மண்ணு இருக்கிற பக்கம் கையைக் காட்டிட்டு, என்னைய ஒரு பார்வை பாத்துக் கேட்டாரு: "ஆத்தா, எத்தனை லோடு அள்ளுனா ஒங்களுக்கு ஞாபகம் திரும்ப வரும்?"

எறங்கி நடங்க

ஞாபகம் ஒம்போதாவது லோடுல வந்துருச்சு. மழையும் வந்துச்சு. மூணு நாளு, விட்டு விட்டு, வரத்துக்கால் நொரைச்சுக்கிட்டு ஓடுச்சு.

கூட்டம் சமுதாயக்கூடத்துல. மாவட்டத்துலேருந்து பெரிய அதிகாரி வந்திருந்தாரு, எல்லாருக்கும் டீயும் மிச்சரும். ரிப்போர்ட் தம்பி படம் போட்டுக் காட்டுனாரு. தகரத்துல மழை அடிக்கிற சத்தத்துல பாதி கேக்கல. அந்த போட்டோ வந்ததும் நான் எந்திரிச்சேன். "அய்யா, அந்தக் காலி இடத்தை நீங்க ஒரு தடவ நேர்ல பாக்கணும். கூப்பிடு தூரந்தான்." "எல்லாம் ரிப்போர்ட்ல இருக்கேம்மா"ன்னாரு. "அதுல என் கையெழுத்தும் இருக்குங்க. படிக்காமப் போட்டேன். தப்பு என்னுது, இத்தனை பேரு முன்னாடி ஒத்துக்கிறேன். ஒத்துக்கிட்ட அப்புறமும் அந்தத் தாளை வச்சுக் கட்டுனீங்கன்னா, அது ஒங்க தப்பு." பின்னாடி ஜபருல்லா பாய், "போயிப் பாத்துருவோம் சார், என் கொடை பெருசு"ன்னு எந்திரிச்சாரு. ஒரு ஆளு எந்திரிச்சா போதும், எங்க ஊருல கூட்டமே எந்திரிச்சுரும்.

ஊரணி அஞ்சாம் படி வரைக்கும் தளும்பி நிக்குது. பசங்க ஊண்டுன மூணு குச்சியில ரெண்டு முழுகிப்போச்சு, ஒண்ணோட நுனி மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு. அது மேல ஒரு மீன்கொத்தி. ரிப்போர்ட்டுல கோழியும் காக்காவும்தான். நான் படித்துறையில ஓரமா நின்னுக்கிட்டு, "அய்யா, இது காலி இடம்னு எழுதியிருக்கு. அங்கிட்டு அந்தப் புளியமரம் தெரியுதுல்ல, அதுவரைக்கும் எறங்கி நடந்து போயிட்டு வாங்க. செருப்பு நனையாம வந்துட்டீங்கன்னா இன்னொரு தடவையும் கையெழுத்துப் போடுறேன்"னேன். அதிகாரி தண்ணியைப் பாத்தாரு, ரிப்போர்ட் தம்பியைப் பாத்தாரு, அந்தப் பிள்ளை மீன்கொத்தியைப் பாத்துச்சு. அப்புறம் அதிகாரி கண்ணாடியைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாரு: "தம்பி, எனக்கு நீச்சல் தெரியாது, நீங்க அந்தப் பக்கத்தை மாத்தி எழுதிக்கிட்டு வாங்க."

ரெண்டாவது கையெழுத்து

மார்கழியில ரிப்போர்ட் தம்பி மறுபடி வந்தாரு. பம்பிங் ஸ்டேஷனை ஊருக்கு வெளிய, பழைய குப்பைக் கெடங்குக்குப் பக்கத்துல தள்ளிட்டாங்க. கரண்டு போனா ஓடுறதுக்கு ஜெனரேட்டர், அதுவும் நின்னா நெறையுறதுக்கு மூடிபோட்ட தொட்டி. எங்க தெரு இன்னமும் தோண்டித்தான் கெடக்கு, நான் இன்னமும் பலகை மேலதான் வீட்டுக்குள்ள போறேன், அதுல எல்லாம் எனக்கு வருத்தம் இல்ல. தம்பி அதே அட்டை, அதே மாதிரி நாலு பக்கம், அதே எடத்துல வெரலை வச்சாரு. "வெரலை எடுங்க"ன்னேன்.

சுகன்யாவைப் படித்துறையில பக்கத்துல உக்காரச் சொல்லி மொதல் எழுத்துலேருந்து வாசிக்க வச்சேன். நீர்நிலை: உண்டு. பேரு: ஊரணி. சரி. "ஐப்பசியிலேருந்து மாசி வரைக்கும் இதுல தண்ணி நிக்கும், சித்திரையில பசங்க நிப்பானுக, ரெண்டு காலத்துலயும் இது ஊரணிதான், அதையும் எழுதுங்க"ன்னேன். "அதுக்கு ஃபார்ம்ல எடமே இல்ல பாட்டி"ன்னாரு. "ஓரத்துல எழுதுங்க, நான் ஓரத்தையும் படிப்பேன்." எழுதுனாரு. மீன்கொத்தியையும் எழுதச் சொன்னேன், எழுதுனாரு. அழியுற உயிரினம்னு வந்த எடத்துல என்னைய ஒரு மாதிரி பாத்தாரு, அதை விட்டுருங்கன்னுட்டேன். வெயிலு எறங்கிப்போச்சு, சுகன்யாவுக்கு கீரனூர் பஸ்ஸே போயிருச்சு. அடிபம்புல தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்த சின்னப்பொண்ணு கொடம் நெறஞ்சு வழியுறதைக்கூடப் பாக்காம அடிச்சுக்கிட்டே என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. நான் கடைசியில பேனாவை வாங்குனதும் தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனா: "பாத்துப் போடுடி, இந்தத் தடவ கோயிலை எழுதிக் குடுத்துறாத!"

இருபத்தெட்டு வருஷம் சாக்கடையில நடந்தும் ஒரு நாளும் வழுக்காத ஆளு நான். வழுக்குனது என்னமோ ஒரு பேனாவுலதான்.